குற்றாலத்து ஆசான்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிற்றாற்றின் கரையில் அமைந்த பழம்பதி தென்காசி. அங்கே காசி விசுவநாதர் திருக்கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். இக்கோயில் பிற்காலத்தில் பழுதுற்றால் அதனைச் சீர்செய்து காப்பவர் எவராயினும், அவர்தம் அடிகளைத் தான் வணங்குவதாக அவன் கல்வெட்டுப் பாடலில் பொறித்து வைத்தான். முடிதரித்த வேந்தன், இன்னும் பிறவாத பணியாளனை வணங்கினான். தலைமைக்கு அழகு இத்தகைய பணிவே.

இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கி, அரசு அலுவலர் பலர்க்கு ஆசானாய் விளங்கியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். டி. கே. சி. எனத் தமிழுலகம் அன்புடன் அழைத்த அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் பிறந்தார். தென்காசி அவர்தம் குடும்பத்தாரின் ஊர். சென்னையில் பட்டமும் சட்டமும் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். எனினும் அவருடைய உள்ளம் வழக்குகளில் ஒன்றவில்லை. தமிழ்க் கவிதையிலேயே தோய்ந்து நின்றது.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்றோரே உயர்ந்த அரசாங்க அலுவல்களைப் பெற்றனர். மேலலுவலகங்களில் கோப்புகளும் ஆணைகளும் ஆங்கிலத்தில் இருந்தன. குறைகூற வந்த குடியானவனோ தமிழ் ஒன்றே அறிந்தவன். ஆள்வோர்க்கும் மக்களுக்கும் இடையே மொழி ஒரு மதிலாய் நின்றது. தாய்மொழியில் பேசுவதையே தாழ்வெனக் கருதிய கற்றோரும் பலர் இருந்தனர். இம்மதிலை அன்பினாலும் சுவையுணர்வினாலும் தகர்க்க முற்பட்டார் டி. கே. சி.

ஞாயிறுதோறும் மாலையில், திருநெல்வேலியில் இருந்த அவரது இல்லத்தின் தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடுவர். இந்த அவையே 'வட்டத்தொட்டி' எனப் புகழ்பெற்றது. வழக்கறிஞர், ஆசிரியர், அலுவலர், மாணவர் ஆகிய எல்லாரும் அங்கே சமமாக அமர்ந்தனர். டி. கே. சி. ஒரு பாடலை எடுத்து, பலமுறை இசையோடு பாடுவார். அவசரப்பட்டுப் பொருள் கூறமாட்டார். கேட்போர் உள்ளத்தில் பாடலின் உணர்ச்சி தானே மலரும்வரை காத்திருப்பார். பொறுமையோடு கேட்டல், பிறர் நெஞ்சம் அறிதல், அறிந்த பின்னரே முடிவு கூறல் ஆகிய மூன்றும் ஆட்சி செய்வோர்க்கு இன்றியமையாத பண்புகள் அல்லவா? அவற்றை அங்கு வந்தோர் தம்மையறியாமலே பயின்றனர்.

டி. கே. சி. பதவிப் பொறுப்பையும் ஏற்றவர். 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் இருந்தார். பின்னர் 1935 வரை இந்து சமய அறநிலையங்களின் ஆணையராய்ப் பணிபுரிந்தார். நிலமும் பொருளும் உடைய கோயில்களை முறையாகக் காக்கும் கடமை அவ்வலுவலுக்கு உரியது. அப்பணியின் வழியே தமிழ்நாட்டுக் கோயில்களின் சிற்பச் செல்வத்தை அவர் நேரில் கண்டு மகிழ்ந்தார்.

ஓய்வுக்குப்பின் அவர் குற்றாலத்தில் குடிபுகுந்தார். ஆனித் திங்களில் மலைமுகடுகளில் மேகம் கவிந்து, சாரல் தூவி, பேரருவியும் ஐந்தருவியும் பெருகும் காலத்தில் அவரது இல்லம் விருந்தினரால் நிறையும். இராசாசியும் கல்கியும் அங்கே வந்து மகிழ்ந்தனர். தம் அருமை மகன் தீத்தாரப்பனை இளமையிலேயே இழந்த பெருந்துயரிலும், வந்தோரை வரவேற்கும் அன்பு அவரிடம் வற்றவில்லை. கம்பர் பாடல்களுள் பலவற்றை இடைச்செருகல் என அவர் விலக்கியதைப் புலவர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் கம்பரை எளிய மக்களிடம் கொண்டுசென்ற அவர்தம் தொண்டு போற்றத்தக்கதாகும்.

அவர் ஊன்றிய வித்து அலுவலர் நெஞ்சில் முளைத்தது. இளமையிலேயே அவரை அடுத்துத் தமிழின்பம் நுகர்ந்தவர் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான். அரசுப் பணியில் படிப்படியாக உயர்ந்து மாவட்ட ஆட்சித்தலைவரானவர் அவர். தஞ்சை மாவட்டத்தில் பணியாற்றியபோது, கேட்பாரற்றுக் கிடந்த பழஞ்சிற்பங்களைத் தேடித் திரட்டுவதில் முன்னின்றார். 1951-இல் தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் உருவாயிற்று. வரியும் நிலமும் மட்டுமே தம் கடமை என எண்ணியிருப்பின் அச்சிலைகளை அவர் கண்டும் காணாது சென்றிருப்பார். காணும் கண்ணை அளித்தவர் டி. கே. சி. அவருடைய மற்றோர் அன்பர் எஸ். மகராஜன், உயர்நீதிமன்ற நீதிபதியாய் உயர்ந்து, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழில் தந்தார்.

1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் டி. கே. சி. மறைந்தார். ஈராண்டுக்குப்பின், 1956-இல், தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் இயற்றப்பெற்றது. இன்று அரசு அலுவலர்க்குச் சென்னையிலும் பவானிசாகரிலும் பயிற்சி நிலையங்கள் உள்ளன. விதிகளையும் நடைமுறைகளையும் அவை கற்பிக்கின்றன. ஆயினும் மக்களை நேசிக்கும் நெஞ்சம் இல்லையேல் விதிநூல் வெறும் தாளேயாகும்.

நெடுங்காலம் சிதைந்து நின்ற தென்காசிக் கோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. பாண்டியன் வணங்கிய அடிகள், தம்முடையதல்லாத ஒன்றைத் தம்முடையதுபோல் காப்பவர் அனைவருடைய அடிகளுமாம். அத்தகையோரை உருவாக்கியதே குற்றாலத்து ஆசானின் பெருந்தொண்டு.