ரமணர்: முதல் வேகத்துக்குப் பிறகான 50 ஆண்டுகள்

திருவண்ணாமலை கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போனால் பாதாள லிங்கத்தைப் பார்க்கலாம். பூச்சிகள் தொடையை அரித்தும் அசையாமல் ஒரு 16 வயதுப் பையன் உட்கார்ந்திருந்த இடம். ரமணர் என்றதும் பலரும் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனா, அங்கே அவர் இருந்தது சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் அதே ஊரில் இருந்தார். அந்த நீண்ட காலத்தை யாரும் பெரிசா பேசுவதில்லை.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ம் தேதி பிறந்த வேங்கடராமன், மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். 1896 ஜூலையில் திடீரென்று ஒரு மரண பயம். அதோடு படிப்பு, விளையாட்டு எல்லாவற்றிலும் பிடிப்பு போய்விட்டது. ஆகஸ்ட் 29-ம் தேதி, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை. மிச்சமிருந்த காசையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார்.

இந்த மாதிரி வேகம் பல பேருக்கு வரும், சீக்கிரமே அடங்கியும் போகும். இவருக்கு என்ன ஆச்சு? 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. அடுத்த ஆறு வருடம் கந்தாசிரமம். குகையில் உடனிருந்த பழனிசாமி கொண்டுவரும் புத்தகங்களைப் படித்து அவருக்கு விளக்கப்போய், ரமணர் மலையாளம் கற்றுக்கொண்டார். மேய்ச்சல்காரர் ஒருவருக்காக ஒரு முள் கம்பை மணிக்கணக்கில் செதுக்கித் தேய்த்துக் கைத்தடியாக்கிக் கொடுத்தார். நாளைக்கு நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படியான சாதனை எதுவும் இதில் இல்லை.

ரமணரை மோட்டிவேஷன் பேச்சாளர் ஆக்குவது அநியாயம்தான். எட்ட வேண்டிய இலக்கு என்று அவர் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனா, உற்சாகம் வற்றிப்போன ஒருவர் அவரைத் தேடி மலையேறினார்.

அவர் காவ்யகண்ட கணபதி முனி. ரமணரை விட ஒரு வயது பெரியவர். 1900-ல் வங்காளத்தின் நவத்வீபத்தில் பண்டிதர்கள் சபையில் சமஸ்கிருதத்தில் ஆசுகவி பாடிப் பட்டம் வாங்கியவர். வருடக்கணக்கில் மந்திர ஜபம் செய்தும் பலன் எதுவும் தெரியவில்லை. இன்னும் எத்தனை லட்சம் ஜபம் செய்யணும் என்று சலித்துப்போன நிலையில், 1907 நவம்பர் 18-ம் தேதி நடுப்பகலில் குகைக்குப் போனார். தவம் என்றால் உண்மையில் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி.

ரமணர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதும் கொஞ்சம்தான். நான் என்ற எண்ணம் எங்கே எழுகிறது என்று பார்க்கணும், மந்திரம் சொன்னால் அந்த ஒலி கிளம்பும் இடத்தைக் கவனிக்கணும். ஜபத்தை விடச் சொல்லவில்லை, எண்ணிக்கையைக் கூட்டவும் சொல்லவில்லை. எப்போ பலன் வரும் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தவரை, செய்கிற வேலைக்குள்ளேயே திருப்பிவிட்டார். அதுவரை பிராமண சுவாமி என்று அழைக்கப்பட்டவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் வைத்தவர் இந்த முனிதான்.

1922-ல் அம்மா அழகம்மாள் இறந்ததும் மலையடிவாரத்தில் ரமணாசிரமம் உருவானது. பல வருடம் ரமணர் விடியும் முன்பே எழுந்து சமையல்கட்டில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். கீழே சிந்திய அரிசியைக்கூடப் பொறுக்கி எடுப்பார். பிறகு இலை தைப்பது, கிழிந்த புத்தகங்களை ஒட்டுவது, அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துவது. கூடத்தில் உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் காத்திருந்த காலத்திலும் இதே வேலைகளை அதே நேரத்துக்குச் செய்தார்.

இடது கையில் புற்றுநோய்க் கட்டி. 1949-ல் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. படுக்கையில் விழுந்த பிறகும் பக்தர்களைப் பார்ப்பதை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ம் தேதி மாலையும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அன்று இரவு 8.47-க்கு இறந்தார். 16 வயதில் வந்த நாளிலிருந்து அந்த ஊரை விட்டு அவர் வெளியே போகவே இல்லை.