நிறம் மாறிய ஒளியைக் கண்டவர்
விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன் வரலாறு

வேலூர்ப் பக்கம் அமிர்தி காட்டுக்குள் நின்று பார்த்தால் ஜவ்வாது மலை பச்சைப் பசேல் என்றிருக்கும். வெகு தூரத்திலிருந்து பார்த்தால் அதே மலை நீலமாகத் தெரியும். மலையின் நிறம் மாறிவிட்டதா? இல்லை. நடுவில் உள்ள காற்று, சூரிய ஒளியில் இருக்கும் நீலத்தை அதிகமாகச் சிதற அடிக்கிறது. வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான்.

இங்கே ஒளியில் ஏற்கெனவே இருக்கும் நிறம்தான் சிதறுகிறது. ஆனால் ஒரு பொருளில் பட்ட ஒளி, இல்லாத நிறத்தையும் பெற்று வெளிவரக் கூடும். இதைக் கண்டறிந்த சி. வி. ராமனுக்கு வலது கையாக இருந்தவர் கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தை விவசாயி, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். கிருஷ்ணன் மதுரையிலும் சென்னையிலும் படித்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்தார். மத்தியான இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்பார்கள். வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள்.

1920-ல் கல்கத்தா சென்றார். 1923-ல் ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

இருட்டறையில் வெளிச்சம்

1928 பிப்ரவரி. இருட்டறைக்குள் சூரிய ஒளியை வில்லையால் குவித்து, சுத்தமான திரவத்தின் மேல் பாய்ச்சினார்கள். ஒளி வரும் வழியில் நீல-ஊதா ஒளியை மட்டும் விடும் கண்ணாடி. பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் மஞ்சள்-பச்சை ஒளியை மட்டும் விடும் கண்ணாடி. நியாயமாக ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது! திரவத்துக்குள் போன ஒளியில் சிறு பகுதி நிறம் மாறி வந்திருந்தது.

காரணம் என்ன? பொருளின் நுண்ணிய மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்கின்றன. ஒளி தன் சக்தியில் கொஞ்சத்தை அந்த அதிர்வுக்குக் கொடுத்துவிடுகிறது. சக்தி குறைந்தால் நிறம் மாறும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதமாக மாறும். கைரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது போல, இதை வைத்து ரசாயன நிபுணர்கள் பொருளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சுமார் 60 திரவங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். திரவங்களைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து, இருட்டில் கண் வலிக்கப் பார்த்த உழைப்பில் பெரும்பங்கு கிருஷ்ணனுடையது. ஆங்கிலப் பத்திரிகையான 'நேச்சர்' மார்ச் 31-ல் வெளியிட்ட கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. பரிசு பெற்ற உரையில் ராமன் கிருஷ்ணனின் உதவியைச் சொல்லத் தவறவில்லை. என்றாலும் ஊர் வாயில் நிலைத்தது 'ராமன் விளைவு' என்ற பெயர்தான். இந்தக் குறை தமிழ்நாட்டில் பலருக்கு இன்றும் உண்டு.

பதவிகள்

கிருஷ்ணன் பரிசு வரும்வரை காத்திருக்கவில்லை. 1928 கடைசியிலேயே டாக்கா சர்வகலாசாலைக்குப் போய், படிகங்களின் காந்த குணத்தை ஆராயத் தொடங்கிவிட்டார். அந்த வேலையே அவருக்குத் தனிப் புகழ் தந்தது. 1940-ல் லண்டன் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக்கியது. 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் டைரக்டரானார். 1961 ஜூனில் காலமானார்.

நிறம் மாறும் ஒளி மிகச் சொற்பம். ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு. அதனால் துளியளவு பொருளை ஆராய்வது கஷ்டமாக இருந்தது. 1974-ல் இங்கிலாந்தில், சொரசொரப்பான வெள்ளியின் மேல் ஒட்டிய பொருளிலிருந்து இந்த ஒளி எதிர்பாராத வலிமையுடன் வந்தது. வெள்ளியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ஒளி குவிந்து பல லட்சம் மடங்கு பெருகுகிறது என்பது பிறகு தெரிந்தது. பழத் தோலில் ஒட்டியிருக்கும் பூச்சி மருந்தையும், உயிரணுவுக்குள் நடக்கும் மாறுதலையும் இப்போது இந்த முறையில் ஆராய்கிறார்கள்.