பம்பாயிலிருந்து சென்ற கட்டுரை

வாயுக்களின் இயக்கப்பண்புக் கொள்கை என்றதும் உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்கும் எங்கள் பிள்ளைகளின் நினைவுக்கு வருவன கிளவுசியஸ், மக்ஸ்வெல் என்னும் பெயர்கள். அவ்விருவருக்கும் முன்னரே அதனைப் பம்பாயிலிருந்து எழுதியனுப்பியவர் ஜோன் ஜேம்ஸ் வோட்டர்ஸ்ரன்.

1811ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்த இவர், அங்கேயே பல்கலைக்கழகக் கல்வி பெற்றார். 1839இல் கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்படைப் பயிற்சி மாணவருக்கு ஆசிரியராகப் பம்பாய் சென்றார். ஓய்வு வேளைகளில் வாயுக்களைப் பற்றி ஆராய்ந்தார்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் உள்ளேயுள்ள காற்று எதிர்த்துத் தள்ளும். வெப்பநிலை மாறாதிருக்கக் கனவளவு பாதியானால் அமுக்கம் இரட்டிக்கும் என்பது போயிலின் விதி. அது ஏன்? காற்றின் துகள்கள் ஓயாது எத்திசையும் பாய்ந்து சுவரில் மோதுகின்றன, அம்மோதலே அமுக்கம், இடம் குறுகினால் மோதல் பெருகும் என்றார் வோட்டர்ஸ்ரன். வெப்பம் என்பதும் அத்துகள்களின் ஓட்டமே. ஒரே வெப்பநிலையில் பாரமான துகள் மெதுவாகவும் இலேசான துகள் விரைவாகவும் ஓடும். திணிவை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால், சராசரியில் எல்லா வாயுக்களுக்கும் அது சமமே என்றும் கண்டார்.

1845இல் இக்கட்டுரையை லண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பினார். வாயுத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளியபடி தத்தம் இடத்தில் நிற்கின்றன என்றே அக்காலத்தில் பலர் எண்ணியிருந்தனர். பரிசீலித்தவர்களுள் ஒருவர் அது வெறும் பிதற்றல், சபையில் வாசிக்கவும் தகாது என்று எழுதிவைத்தார். 1846இல் ஒரு சுருக்கம் மாத்திரமே அச்சாகியது. சங்க விதிப்படி கையெழுத்துப் பிரதி திருப்பித் தரப்படவில்லை. அவரிடமோ வேறு பிரதி இருக்கவில்லை.

1857இல் அவர் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் கிளவுசியசும், 1860இல் மக்ஸ்வெல்லும் இக்கொள்கையைத் தாமாகவே கண்டு வெளியிட்டுப் புகழெய்தினர். 1883 ஜூன் 18ஆம் திகதி உலாவச் சென்ற வோட்டர்ஸ்ரன் வீடு திரும்பவேயில்லை.

1891இல் றேலி பிரபு சங்கத்தின் பழைய ஏடுகளிடையே அக்கட்டுரையைக் கண்டெடுத்தார். ஓரிடத்தில் கணக்குப் பிழை இருந்தபோதிலும் அதன் பெருமையை உணர்ந்து, மறு ஆண்டில் முழுமையாக அச்சிடுவித்தார். அது உரிய காலத்தில் வெளிவராமையால் இத்துறையின் வளர்ச்சி பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தங்கியிருக்கலாம் என்றும் வருந்தினார்.

பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்கவேண்டிய வரலாறு இது. பிள்ளையொன்று நாம் எதிர்பாராத வழியிற் கணக்கைச் செய்திருந்தால், சிவப்பு மையால் வெட்டுமுன் ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பார்ப்போம்.