டி. என். ராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 - டிசம்பர் 12, 1956) தமிழ்நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். நாதசுவரச் சக்கரவர்த்தி என அழைக்கப்பட்டார். தோடி இராக ஆலாபனைக்காகப் பெரிதும் அறியப்பட்ட இவர், தாழ்ந்த சுருதியுடைய நீண்ட நாதசுவரம் பரவலாக வழக்கில் வரவும், நாதசுவரக் கலைஞர்களுக்குக் கச்சேரி மேடைகளில் உரிய மதிப்புக் கிடைக்கவும் காரணமானவர்.

இளமையும் பயிற்சியும்

இவருடைய இயற்பெயர் பாலசுப்பிரமணியம். பெற்றோர் குப்புசாமி பிள்ளை, கோவிந்தம்மாள். சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவரைத் தாய்மாமனும் திருவாவடுதுறை ஆதீன நாதசுவர வித்துவானுமான திருமருகல் நடேச பிள்ளை வளர்த்து வந்தார். தொடக்கத்தில் இவர் பயின்றது வாய்ப்பாட்டு ஆகும். வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர் இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். பின்னரே நாதசுவரம் கற்றார். வாய்ப்பாட்டுப் பயிற்சியின் பயனை இவருடைய வாசிப்பில் தெளிவாகக் காணலாம். பாடகர் ஒருவர் இராகத்தை விரித்துப் பாடுவது போலவே இவர் குழலில் விரித்து வாசித்தார்.

கருவியில் மாற்றம்

முன்னர் பெரிதும் வழக்கில் இருந்தது திமிரி நாதசுவரம் ஆகும். அளவில் குட்டையான இதன் சுருதி ஏறத்தாழ 4 முதல் 5 கட்டை வரை இருக்கும். ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை ஆதாரமாகக் கொள்வது 1 கட்டை எனப்படும். எண் கூடக் கூடச் சுருதியும் உயரும். திமிரியின் ஓசை கோயில் வீதிகளுக்கும் சுவாமி புறப்பாட்டிற்கும் ஏற்றது. ஆனால் அரங்கினுள் அமர்ந்து கேட்பதற்கு அது மிகவும் உரத்தது.

ராஜரத்தினம் பிள்ளை 2 முதல் 2½ கட்டைச் சுருதியுடைய நீண்ட பாரி நாதசுவரத்தைக் கையாண்டார். குழல் நீளும்போது சுருதி தாழும். அதே நேரத்தில் துளைகளுக்கு இடையிலான தூரம் கூடுவதால் விரல்களை அகல விரிக்க வேண்டும். மூச்சும் அதிகம் தேவைப்படும்.

பழைய கருவிகளில் மற்றொரு குறையும் இருந்தது. சுத்த மத்திமம் துளையில் நேராக ஒலிக்காது. வாசிப்பவர் சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சையும் மாற்றியே அந்தச் சுரத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. தோடியும் சுத்த மத்திமம் உடைய இராகமே என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த கருவி செய்யும் கலைஞர் ரங்கநாதன் ஆசாரி இக்குறையை நீக்கிய பாரி நாதசுவரத்தை ஆச்சா மரத்தில் உருவாக்கினார். சுத்த மத்திமம் இயல்பாகப் பேசியதால் பல கீர்த்தனைகளை வாசிப்பது எளிதாயிற்று.

கருவி மாறும்போது இசையும் புதிய கருவிக்கு இடம்பெயர்வது பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் ஓஃபிக்ளைடு என்னும் பித்தளைக் கருவிக்கு எழுதிய பகுதிகள் இன்று பெரும்பாலும் டியூபாவில் வாசிக்கப்படுகின்றன.

மேடையும் மரியாதையும்

அக்காலத்தில் நாதசுவரக் கலைஞர்கள் மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடி வாசிப்பதே வழக்கமாக இருந்தது. வாய்ப்பாட்டுக் கலைஞர்களுக்குக் கிடைத்த மேடை மரியாதை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளை குடுமியை நீக்கி முடியை வெட்டிக்கொண்டார், மேலங்கி அணிந்தார், மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என வலியுறுத்தினார். ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவைச் சுருதிக்குப் பயன்படுத்தினார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் இவருக்கு வாசித்துள்ளனர். ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்குத் தாமதமாக வருவார் என்ற குறையும் இவர்மீது கூறப்படுவதுண்டு. ஆயினும் இரசிகர்கள் காத்திருந்து கேட்டனர்.

திரைப்படமும் விடுதலை விழாவும்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் (1940) திரைப்படத்தில் கவி காளமேகமாக நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று தில்லியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் ஜவகர்லால் நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்டபோது இவர் நாதசுவரம் வாசித்தார். இவருடைய தோடி ஆலாபனை இசைத்தட்டாக வெளிவந்து பரவலாக விற்பனையானது.

மறைவும் மரபும்

1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். இவருடைய மாணவர்களுள் காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964) குறிப்பிடத்தக்கவர். இந்திய அஞ்சல் துறை 2010 ஆம் ஆண்டு இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. நரசிங்கம்பேட்டை நாதசுவரத்திற்கு 2022 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் கச்சேரிகளில் பெரும்பாலும் ஒலிப்பது பாரி நாதசுவரமே ஆகும்.