பழமையைப் புதுக்கிய வியோலே-லெ-துக்

புதிதாகக் கட்டுவோன் தன் கருத்தின்படியே கட்டலாம். அவனைத் தடுப்பார் இலர். பழுதுற்றதைப் புதுக்குவோனோ முன்னோன் ஒருவனது கருத்தினுட் புகுந்து தொழில் செய்தல் வேண்டும். அங்ஙனம் புகுந்தவன் தன் கருத்தையும் ஆண்டு விட்டுவருதல் தகுமோ, தகாதோ? நம் நாட்டில் திருப்பணி செய்வாரிடையேயும் எழும் இவ்வினாவிற்கு மேலைநாட்டில் பெரியதோர் எடுத்துக்காட்டாய் நிற்பவர் பிரான்சு தேயத்துக் கட்டிடச் சிற்பியாகிய இயூஜீன் வியோலே-லெ-துக் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1814-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் பாரிசு மாநகரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க அலுவலர். அரிய நூல்களைத் திரட்டுவதிற் பெருவிருப்பினர். தாய்மாமனாகிய தெலெக்லூஸ் ஓவியம் வல்லவர். அக்காலத்தில் இத்தொழில் பயில விழைந்தோர் பாரிசிலுள்ள நுண்கலைக் கல்லூரியிற் சேர்வதே வழக்கு. ஆண்டுக் கிரேக்க உரோமானியக் கட்டிடங்களே இலக்கணமாகக் கொள்ளப்பட்டன. தம் நாட்டு முன்னோர் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய வானளாவிய கோவில்களை அக்கல்லூரியார் பெரிதும் மதித்திலர். இளைஞர் அங்கே சேர மறுத்துவிட்டார். கையிற் படத்தாளும் எழுதுகோலுமாகப் பிரான்சு முழுதும் சுற்றிப் பழைய கட்டிடங்களை வரைந்து வரைந்தே கற்றார். 1836, 1837-ஆம் ஆண்டுகளில் இத்தாலியையும் கண்டு மீண்டார். ஆசிரியன்மார்பாற் கேட்டதினும் கற்களின்பாற் கேட்டதே இவருக்கு மிகுதி எனலாம்.

அக்காலத்துப் பிரான்சில் பழங்கோவில்களின் நிலை இரங்கத்தக்கது. 1789-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் புரட்சியிற் பல கோவில்கள் சூறையாடப்பட்டன. சில கல்லுக்காக விலைபோயின. பின்னர் அறிவுடையோர் சிலர் விழித்தெழுந்து, அரசாங்கத்தைக்கொண்டு புராதனச் சின்னங்களைக் காக்கும் துறை ஒன்றை ஏற்படுத்தினர். கதாசிரியரெனப் புகழ்பெற்ற பிராஸ்பர் மெரிமே என்பார் 1834-ஆம் ஆண்டில் அத்துறைக்குத் தலைமைப் பரிசோதகரானார். அவ்வாண்டிலேயே அவர் பர்கண்டி நாட்டில் ஒரு குன்றின்மேல் நிற்கும் வெஸலே என்னும் கோவிலைக் காணச் சென்றார். அமர்ந்து படம் வரைகையில், மேலுள்ள வளைவுக் கூரையினின்றும் சிறு கற்கள் உதிரும் ஓசை அவர் செவியில் விழுந்ததாம்.

அக்கோவிலை 1840-ஆம் ஆண்டில் வியோலே-லெ-துக்கிடம் ஒப்புவித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 26. அதற்கு முன் பெருந்திருப்பணி எதனையும் அவர் நடத்தியதில்லை. நோயின் மூலத்தை அவர் நன்கு கண்டார். கல்லாலாகிய வளைவுக் கூரை கீழ்நோக்கி அழுத்துவதோடு நில்லாது இருபுறச் சுவர்களையும் வெளியே தள்ளும் இயல்பினது. அத்தள்ளுதலைத் தாங்கவேண்டிய புறமுட்டுகள் தம் தொழிலைச் செய்தில. அதனால் சுவர்கள் வெளியே சாய்ந்து, வளைவுகள் நடுவே தாழ்ந்து கிடந்தன. மரச்சட்டங்களால் முட்டுக்கொடுத்து, சீர்கெட்ட வளைவுகளைப் பிரித்துப் பாரங் குறைத்து மீளக் கட்டி, புறமுட்டுகளையும் புதிதாய் எழுப்பினார். ஒரு கல்லை முந்தி எடுத்தாலும் கூரை முழுதும் தலைமேல் விழத்தக்க வேலை அது. 1859-ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. அக்கோவில் இன்றும் நிற்கின்றது. இவரைக் குறைகூறுவோர் முதலில் நினைக்கவேண்டுவது இதனையே என்பது நம் கருத்து.

வெஸலேயில் எய்திய பெயர் பாரிசின் தலைக்கோவிலாகிய நோத்ருதாமுக்கு அவரைக் கொண்டுவந்தது. 1844-ஆம் ஆண்டில் லாஸ்ஸு என்னும் மற்றொரு சிற்பியும் இவரும் கூட்டாக அப்பணியை ஏற்றனர். 1857-ஆம் ஆண்டில் லாஸ்ஸு இறக்கவே, பாரம் முழுதும் இவர்மேலதாயிற்று. முகப்பில் வரிசையாக நின்ற 28 அரசர் சிலைகளைப் பிரான்சு மன்னரென எண்ணிப் புரட்சிக்காரர் 1793-ஆம் ஆண்டில் தலைதுணித்தனர். உண்மையில் அவர்கள் விவிலியத்துள் வரும் யூதேயா நாட்டரசர். பழைய தலைகள் எங்குள்ளன என்று அறிவாரில்லாமையால், சிலைகள் யாவும் புதியனவாகச் செதுக்கப்பட்டன. (1977-ஆம் ஆண்டில் பாரிசிலேயே நிலத்தடியிலிருந்து 21 தலைகள் வெளிப்பட்டன, மன்னர் தலைகள் மண்ணிற் கிடக்க, மாற்றுத் தலைகள் மாடத்தில் நின்றது காண்க!)

கோவிலின் நடுவே முன்பிருந்த கூர்ங்கோபுரம் தளர்வுற்றமையால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரிக்கப்பட்டிருந்தது. அதனிடத்தில் ஓக் மரத்தாற் சட்டமிட்டு ஈயத்தகடு போர்த்த புதுக் கோபுரம் ஒன்றை இவர் 1859-ஆம் ஆண்டில் எழுப்பினார். அது பழையதன் படியன்று, அதனினும் உயர்ந்தது. அதன் அடியில் பன்னிரு திருத்தூதர்க்கும் செப்புத்தகட்டுச் சிலைகள் அமைத்தார். நம் மயிலாப்பூரோடு இயைத்துச் சொல்லப்படும் தோமையார் கட்டிடத் தொழிலோர்க்குக் காவலர் என்பது அவர்கள் மரபு. ஏனையோர் நகரை நோக்கி நிற்க, தோமையார் ஒருவர் மட்டும் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர். அம்முகம் சிற்பியின் முகமே! மேல்மாடத்தில் அமர்ந்து நகரை உற்றுநோக்கும் விசித்திர விலங்குகளும் இவர் கற்பனையே. காண்போர் பலர் அவற்றை மிகப் பழையன என்று மயங்குவர்.

இவற்றிடையே, 1854 முதல் 1868 வரை, பிரான்சு நாட்டுக் கட்டிடக்கலை அகராதி ஒன்றைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். ஒவ்வொரு கல்லும் எதற்காக அவ்விடத்தில் அமைந்தது எனக் காரணங் காட்டி விளக்கும் நூல் அது. புதுக்குதலாவது கட்டிடத்தை வெறுமனே செப்பனிடுவதன்று, முன் எக்காலத்தும் இருந்திராத நிறைவுடைய நிலைக்கும் கொணர்வதாகலாம் என்னும் கருத்தை அதன்கண் துணிந்து உரைத்தார். அவர் பெருமையும் குறையும் இவ்வொரு கருத்தில் அடங்கும்.

1853-ஆம் ஆண்டு முதல் தென்னாட்டுக் கார்க்கசோன் கோட்டையை அவர் புதுக்கினார். இடிக்கப்படவிருந்த கோட்டை அது. இரட்டை மதில்களோடு அது பிழைத்தமைக்கு அவர் ஒரு காரணர். ஆயினும் அதன் கொத்தளங்கள் மேல் வடநாட்டு வழக்கான கூம்பு வடிவக் கூரைகளைப் பலகைக்கல்லால் வேய்ந்தார். ஓட்டுக்கூரை வழங்கும் தென்னாட்டிற்கு இஃது ஒவ்வாதென்று பலரும் குறைகூறினர். குறை மெய்யே. மூன்றாம் நெப்போலியனுக்காகப் பியர்ஃபோன் என்னும் இடிந்த கோட்டையை எழுப்பியபொழுதோ, பழமையினும் கற்பனையே மிகுந்துவிட்டது. ஆங்கில நாட்டு ரஸ்கின் என்னும் அறிஞர், புதுக்குதலே கட்டிடத்தை அழித்தலாகுமென 1849-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால் உதிரும் கல்லுக்கு மறுமொழி யாதென வெஸலேயில் நின்று கேட்டால், ரஸ்கினார் கொள்கை நமக்கு உதவுவதாய்த் தோன்றவில்லை.

இளமையில் தாம் சேர மறுத்த கல்லூரிக்கே 1863-ஆம் ஆண்டில் அவர் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார். மாணவர் கூச்சலிட்டு அவர் பேச்சைக் கேளாமற் செய்தனர். அடுத்த ஆண்டிலேயே பதவியைத் துறந்தார். 1870-ஆம் ஆண்டுப் போரில், பாரிசு முற்றுகையுண்டபொழுது, அரண் அமைக்கும் படையிற் பணிபுரிந்தார். முதுமையில் ஆல்ப்சு மலைமேல் ஏறி மோன்பிளாங்கு சிகரத்தை அளந்து படம் வரைந்தார். சிதைந்த மலையும் அவருக்குப் பழுதுற்ற கட்டிடமாகவே தோன்றியது போலும்! சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத் தலைக்கோவிலைப் புதுக்கிவருகையில், அந்நகரிலேயே 1879-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் காலமானார்.

அவர் சேர்த்தவற்றுட் சிலவற்றைப் பின்வந்தோர் களைந்தனர். துலூசு நகரத்துச் சேன் செர்னேன் கோவிலில் அவர் மாற்றிய கூரையை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீக்கி முன்னிருந்தவாறு அமைத்தனர். நோத்ருதாமின் கூர்ங்கோபுரத்திற்கோ வேறு விதி நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மாலை மூண்ட தீயில் அது எரிந்து முறிந்து வீழ்ந்தது. செப்பனிடும் பொருட்டு நான்கு நாள் முன்னரே கீழிறக்கப்பட்டிருந்தமையால் செப்புச் சிலைகள் தப்பின. இக்காலத்துக்கேற்ற புதுக் கோபுரம் வேண்டுமென்பாரும், இறந்தவர் எழுப்பியவாறே வேண்டுமென்பாரும் வாதிட்டனர். ஓராண்டிற்குப்பின், 2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவர் எழுப்பிய வடிவே உறுதியாயிற்று. எக்கோபுரத்தைப் பழமைக்கு மாறான தன்விருப்பமென்று அறிஞர் சிலர் இகழ்ந்தனரோ, அக்கோபுரத்தையே பழமையெனப் போற்றி, தச்சர்கள் ஓக் மரத்தை அறுத்துப் பொருத்தி, ஈயம் போர்த்து மீட்டும் நிறுத்தினர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கோவில் திறக்கப்பெற்றது.