போலீஸ் சீர்திருத்தத்துக்கு கோடிகள் மட்டும் போதுமா? 1 ரூபாய் சம்பளத்தில் தொடங்கிய திருவாரூர் சிறுவனின் கதை

காவல்துறை சீர்திருத்தம்னு பேச ஆரம்பிச்சாலே முதலில் வருவது நிதிதான். மாநிலக் காவல்துறைகளை நவீனமயமாக்க மத்திய அரசு 1969-70 முதல் பணம் கொடுத்து வருகிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் ரூ.26,275 கோடிக்கு மத்திய அமைச்சரவை 2022 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது.

வாகனம், கருவிகள், தடய அறிவியல் வசதி எல்லாம் இந்தப் பணத்தில் வரும். சரி, அதிகாரத்தில் இருக்கிற ஒருத்தர் சாமானியனை அடிச்சா, அவரை யார் கூப்பிட்டுக் கேட்பது? அதை எந்தப் பணத்தில் வாங்குவது?

இந்தக் கேள்விக்கு 150 வருஷத்துக்கு முன்பே ஒரு பதில் சொன்னவர் காவிரி டெல்டாவில் பிறந்த சர் டி.முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி.

யார் இந்த முத்துசாமி ஐயர்?

பிறந்தது 1832 ஜனவரி 28, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து உச்சுவாடி கிராமத்தில். ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மாவுடன் திருவாரூருக்கு வந்தார். வயிற்றுப்பாட்டுக்காக கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 1 ரூபாய். கொஞ்ச காலத்தில் அம்மாவும் போய்விட்டார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு உடைப்பு என்று சொல்வார்கள். ஆற்றங்கரை உடைந்துவிட்டது என்ற செய்தி தாசில்தார் முத்துசாமி நாயக்கருக்கு வருகிறது. அலுவலகத்தில் பெரிய குமாஸ்தா இல்லை, இந்தப் பையன்தான் இருந்தான். போய்ப் பார்த்துட்டு வான்னு அனுப்பினார். திரும்பி வந்தவன் உடைப்பு எவ்வளவு அகலம், அடைக்க என்னென்ன பொருள் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னான். தாசில்தாருக்கு நம்ப முடியவில்லை. பிறகு குமாஸ்தாவிடம் கேட்டுப் பார்த்தால், பையன் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது.

உடைப்பு எடுத்தால் அந்த வருஷத்து நெல் போச்சு என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் பதற்றம் இல்லாமல் நேரில் போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்ன பையனை தாசில்தார் விடவில்லை. சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1854-ல் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார் முத்துசாமி. மாதம் 1 ரூபாய் வாங்கியவருக்கு அது 500 மாதச் சம்பளம்!

அப்போ போலீஸ் எப்படி இருந்தது?

இந்த இடத்தில் அந்தக் கால தாசில்தார் என்றால் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய தாசில்தார் மாதிரி இல்லை. 1816-ம் ஆண்டு சட்டப்படி வரி வசூல், போலீஸ் இரண்டுமே அவர் கையில்தான். மாவட்டத்தில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் கூட. அதாவது, நிலவரி கட்டாதவனிடம் வசூலிக்க வருபவரும், புகார் கொடுக்கப் போனால் கேட்க வேண்டியவரும் ஒரே ஆள்.

நல்ல தாசில்தார் கிடைத்தால் அநாதைப் பையன் படிப்பான். மோசமானவர் கிடைத்தால்? விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’. கழுத்தைக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதெல்லாம் நடந்தது.

சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கிய கஜுலு லட்சுமிநரசு செட்டி போன்றவர்கள் இதை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கொண்டுபோனார்கள். 1854-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. நேரிலும் கடிதத்திலுமாக வந்த புகார்கள் 1,959. சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855-ல் கமிஷன் ஒப்புக்கொண்டது. ஆனால், பழியை கீழ்மட்ட இந்திய ஊழியர்கள் மேலே போட்டு ஆங்கிலேய அதிகாரிகளை விட்டுவிட்டது. இதை வைத்து 1857-ல் கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதினார்.

1859-ல் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் வேலை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டு, தனி அதிகாரிகளின் கீழ் சம்பளம் வாங்கும் தனிப்படை உருவானது. இரண்டு வருஷம் கழித்து வந்த 1861 இந்திய போலீஸ் சட்டத்துக்கு இதுவும் ஒரு முன்னோடி.

அதை ஒட்டிய காலத்தில்தான் முத்துசாமி ஐயர் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக வேலை பார்த்தார்.

நீதிபதியையே கோர்ட்டுக்கு வரச் சொன்ன மாஜிஸ்திரேட்

தரங்கம்பாடிக்குப் பிறகு தஞ்சாவூரில் துணை கலெக்டர், அடுத்து மங்களூர் பக்கம் நீதிபதி வேலை. 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். போலீஸ் பிடித்து வருபவர்களும் அடி வாங்கிப் புகார் கொடுக்க வருபவர்களும் முதலில் வந்து நிற்கும் கோர்ட் இது. வேலையில் இருந்தபடியே சட்டப் பட்டமும் வாங்கினார்.

அப்போது ஒரு புகார் வந்தது. தன் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று ஒரு இந்தியரை அடித்திருக்கிறார் ஒரு ஆங்கிலேயர். அடித்தவர் சாதாரண ஆள் இல்லை, உயர் நீதிமன்ற நீதிபதி! மாஜிஸ்திரேட்டை விட எத்தனையோ படி மேலே இருப்பவர்.

அவர் நேரில் வர வேண்டாமே என்று மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. முத்துசாமி ஐயர் ஏற்கவில்லை. எல்லாரும் எப்படி வருகிறார்களோ, அப்படியே வரட்டும் என்று நின்றார். விசாரணை முடிந்து விதிக்கப்பட்ட அபராதம் 3 ரூபாய்.

வெறும் 3 ரூபாய்தானா என்று தோன்றலாம். ஆனால், அன்றைய சென்னையில் ஒரு வெள்ளைக்கார நீதிபதி, ஒரு சாமானிய இந்தியரின் புகாருக்கு, இன்னொரு இந்தியரின் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம். தன் பதவி உயர்வு யார் கையில் இருக்கிறது என்பது அந்த மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நியமனத்துக்கு எதிர்ப்பு... பிறந்தது ஒரு பத்திரிகை

இத்தனைக்குப் பிறகும் 1870-களின் இறுதியில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதி ஆக்கப்பட்டார். ஒரு இந்தியருக்கு இந்தப் பதவியா என்று சென்னையின் ஆங்கிலேயப் பத்திரிகைகள் எகிறின. பதில் சொல்ல நம்மிடம் ஒரு பத்திரிகை இல்லையே என்று ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ல் பிறந்த அந்த வார இதழ்தான் ‘தி இந்து’. முன்னின்றவர் ஜி.சுப்பிரமணிய ஐயர், அவரும் தஞ்சை மண்ணின் திருவையாற்றுக்காரர்.

1891-ல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார் முத்துசாமி ஐயர். மலபார் திருமணச் சட்டத்தை ஆராய்ந்த கமிஷனுக்கும் அதே ஆண்டில் தலைமை ஏற்றார். 1893-ல் சர் பட்டம். 1895 ஜனவரியில் காலமானார். அவரது சிலை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

போலீஸ் வேறு, வரி வசூல் வேறு என்று 1859-ல் பிரித்தாச்சு. ஆனால், நிர்வாக அதிகாரியே குற்ற வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் மாஜிஸ்திரேட்டாகவும் இருப்பது நாடு முழுவதும் சட்டப்படி முடிவுக்கு வர, 1974 ஏப்ரல் 1-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மக்களை போலீஸோடு சேர்க்கும் முயற்சியும் நடந்தது. 1993-ல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்த ‘போலீஸ் நண்பர்கள்’ திட்டம் அப்படிப்பட்டதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் இருந்த தந்தையும் மகனும் இறந்தார்கள். அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது.

அந்த வழக்கில் காவல் நிலையத்துக்கே நேரில் போய் விசாரித்தவர் யார்? கோவில்பட்டி நீதித்துறை நடுவர், அதாவது ஒரு மாஜிஸ்திரேட்தான். காவலில் மரணம் என்றால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. அங்கே நிற்கும்போது, அடிச்சாங்களா என்ற கேள்விக்கு உள்ளதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

கேமராவும் வண்டியும் வாங்க நிதி வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால், எதிரே நிற்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நேரில் வரச் சொல்லும் மாஜிஸ்திரேட்டை எந்த மானியத்திலும் வாங்க முடியாது. உடைப்பை நேரில் போய்ப் பார்த்து உள்ளபடி சொன்ன திருவாரூர்ப் பையன், கடைசிவரை செய்ததும் அந்த வேலையைத்தான்.