பிள்ளை வளர்த்த பெரியாழ்வார்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேயர் குலத்தில், முகுந்தபட்டருக்கும் பதுமவல்லிக்கும் திருக்குமாரராக, ஆனி மாதம் சுவாதி நன்னாளில் அவதரித்தவர் விஷ்ணுசித்தர். ஆராய்ச்சியாளர் பலர் இவர் காலத்தைக் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் வைப்பர். நந்தவனம் அமைத்து, வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நாள்தோறும் திருமாலை சாற்றுவதே பேறெனக் கொண்டு வாழ்ந்தார்.

மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றார். யானைமீது வலம் வருகையில் எம்பெருமான் கருடாரூடனாய்க் காட்சி தந்தான். அவர் வரம் வேண்டினாரல்லர். இவ்வழகுக்குக் கண்ணேறு படுமோ என்று அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார். பிள்ளையைத் தெருவில் கண்ட தாய்க்கு உண்டாகும் அச்சமே அது. அந்தப் பரிவினாலேயே பெரியாழ்வார் எனப் பெயர் பெற்றார்.

திருப்பல்லாண்டு உட்பட அவர் அருளிய பாசுரங்கள் 473. அவற்றுள் அவர் யசோதையாகவே ஆகிவிடுகிறார். தொட்டிலில் இட்டால் உதைக்கிறான். எடுத்தால் இடுப்பு நோகிறது. அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். தாய் மெலிந்து போகிறாள். இரவு பாலுண்ணாமல் உறங்கியவன் உச்சிப்பொழுதாகியும் உண்ண வரவில்லையே என்று கலங்குகிறாள். புழுதி படிந்தவனை நீராட்டவும், காது குத்தவும் தின்பண்டம் காட்டி அழைக்கிறாள். அயலகத்துப் பெண்டிர் முறையிட வருகின்றனர். அந்தி மயங்கினால் காப்பிட விரைகிறாள். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கு இப்பாசுரங்களே வழிகாட்டி என்பர் அறிஞர்.

அவர் தம் கையாலும் ஒரு மகவை வளர்த்தார். ஆடிப் பூரத்தன்று துளசிச் செடியருகே கிடைத்த பெண் மகவை எடுத்துக் கோதை எனப் பெயரிட்டார். ஒருநாள், பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் சூடி அழகு பார்ப்பதைக் கண்டார். கைங்கரியத்திற்கு இழுக்கு நேர்ந்ததே என்று மனம் நொந்து, மகளைக் கண்டித்து, அன்று மாலை சாற்றாது நின்றார். எம்பெருமானோ கனவில் தோன்றி, அவள் சூடிக் களைந்த மாலையே தனக்கு உகந்தது என்று உணர்த்தினான். தந்தை குற்றமென்று கண்டது மகளின் பக்தியாய் இருந்தது.

வளர்ந்த மகள் அரங்கனையன்றி மானிடர்க்கு வாழேன் என்றாள். திருவரங்கத்தில் அவனோடு கலந்தாள் என்பது குருபரம்பரை. தன் ஒரே மகளைச் செங்கண்மால் கொண்டுபோனான் என்று ஒரு தாய் வருந்துவதாக ஆழ்வார் பாடிய பதிகம் உண்டு. மருமகளை யசோதை மகிழ்ந்து ஏற்றுச் சீர் செய்வாளோ என்பதே அத்தாயின் கவலை. பெருமாளே மணவாளனாயினும் பெற்ற மனம் அமைதி கொள்வதில்லை.

திருவிழாக் கூட்டத்தில் மகவைத் தோளில் சுமந்து சேவிக்க வந்திருக்கும் அன்பர்கள் அறிக: உறக்கமற்ற இரவும், உண்ண மறுக்கும் அடமும், அயலார் குறையும் ஆழ்வார் பாசுரத்தில் இடம் பெற்றவை. அப்பரிவை எம்பெருமான்பாலும் சிறிது வைப்போமாக.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.